ஸ்மார்ட்போன் இல்லாத காலத்து ஸ்மார்ட் சேர்மன்! - சேலத்தில் ராஜாஜி நடத்திய ஊர் நிர்வாகம்

உங்க தெருவில் லைட் எரியலை. ரெண்டு நாளா குழாயில் தண்ணியும் வரலை. என்ன பண்ணுவீங்க? ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பீங்க. கோபம் கொஞ்சம் அதிகமா இருந்தா ஆப்பில் ஒரு புகார் போடுவீங்க. அதுக்கு மேல என்ன செய்ய முடியும்னு நினைக்கிறீங்கதானே?

2015 ஜூனில் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கினப்போ, 100 நகரங்களைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தாங்க. திட்டம் போடும்போது ஊர் மக்கள்கிட்ட கருத்து கேட்டீங்களான்னு பார்த்து, அதுக்கும் மதிப்பெண் கொடுத்தாங்க. 2016 செப்டம்பரில் வெளியான பட்டியலில் மதுரை, தஞ்சாவூர், வேலூரோட சேலமும் இடம் பிடிச்சது. பழைய பஸ் ஸ்டாண்ட் இருந்த இடத்தில் இப்போ நிக்குற ஈரடுக்கு பஸ் நிலையம் அந்தத் திட்டத்தில் வந்ததுதான்.

ஆனா, மக்கள் பங்கேற்புங்கிற விஷயம் சேலத்துக்குப் புதுசு இல்லை. அதுக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னாடி, இதே ஊரில் ஒரு வக்கீல் நகராட்சிக்குள்ள போய் உட்கார்ந்து சில விஷயங்களைச் செஞ்சு பார்த்தார். அவர் பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார், சென்னை மாநில முதலமைச்சர் ஆனார், பாரத ரத்னா வாங்கினார். பாடப் புத்தகத்தில் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளை வேட்டியுமா நீங்க பார்த்த ராஜாஜிதான் அவர். அவரோட பெரிய பதவிகளைக் கொஞ்சம் தள்ளி வெச்சிட்டு, சேலத்து சேர்மனா அவரைப் பார்ப்போமா?

தொரப்பள்ளியில் இருந்து சேலம் கோர்ட்டுக்கு

ஓசூர் பக்கத்தில் இருக்கிற தொரப்பள்ளி கிராமத்தில், 1878 டிசம்பர் 10-ம் தேதி ராஜகோபாலாச்சாரி பிறந்தார். அப்பா சக்கரவர்த்தி ஐயங்கார், அம்மா சிங்காரம்மாள். இன்னைக்கு அந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம். அன்னைக்கு அது சேலம் மாவட்டம். ஓசூர், பெங்களூரு, சென்னைன்னு படிப்பு போச்சு. சட்டம் முடிச்சிட்டு 1900-ல் சேலத்துக்கு வந்து வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அப்போ அவருக்கு 22 வயசுகூட ஆகலை.

சேலம் அன்னைக்கு சுமார் 70,000 பேர் வாழ்ந்த ஊர். நெசவும் வியாபாரமும் நடக்கிற ஊர். 1866-லேயே நகராட்சி ஆகியிருந்தது. கோர்ட்டில் சீக்கிரமே பெயர் வாங்கிட்டார். கிரிமினல் வழக்குன்னா அவர்தான் என்கிற அளவுக்கு வளர்ந்தார், வருமானமும் நல்லாவே வந்தது. அப்படியே நின்னிருந்தா ஒரு பணக்கார வக்கீலா வாழ்ந்து முடிச்சிருக்கலாம்.

ஆனா, அந்த ஊரில் அவருக்கு முன்னால் ஒரு மூத்த வக்கீல் இருந்தார். அவர்தான் சேலம் விஜயராகவாச்சாரியார். 1882-ல் சேலத்தில் நடந்த கலவர வழக்கில் சிக்கவைக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலை ஆனவர். அந்த வழக்கைக் காரணம் காட்டி நகராட்சி உறுப்பினர் பதவியைப் பறித்தபோது, அரசாங்கத்தையே கோர்ட்டுக்கு இழுத்து ஜெயித்தவர். 1920-ல் காங்கிரஸ் மகாசபைக்கே தலைவர் ஆனார். நகராட்சி உறுப்பினர் பதவி ஒண்ணும் சின்ன விஷயமில்லை, அதுக்காகச் சண்டை போடலாம்னு சேலத்து இளம் வக்கீல்களுக்கு இவரைப் பார்த்தே புரிஞ்சிருக்கும்.

சேர்மன் நாற்காலி

1911-ல் ராஜாஜி சேலம் நகராட்சி உறுப்பினர் ஆனார். 1917-ல் சேர்மன். நடுவில், 1916-ல் மனைவி அலமேலு மங்கம்மாள் இறந்துபோனார். மூணு பையன், ரெண்டு பொண்ணு. ஐந்து குழந்தைகளைத் தனியா வளர்க்கிற அப்பாவாகத்தான் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்னைக்கு நகராட்சித் தேர்தல் எப்படி இருந்ததுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. குறிப்பிட்ட அளவு வரி கட்டுறவங்களுக்குத்தான் ஓட்டு. குடிசையில் இருக்கிறவருக்கு ஓட்டு இல்லை, தெரு கூட்டுறவருக்கு ஓட்டு இல்லை. ஊர் எல்லாருக்கும் சொந்தம், ஆனா ஊரைப் பத்திப் பேசுற மேஜை சில பேருக்கு மட்டும். ராஜாஜி சேர்மனா இருந்த காலத்தில் சேலம் நகராட்சிக்கு முதல்முறையா ஒரு தலித் உறுப்பினர் வந்தார். அதுக்குக் காரணமாக இருந்தவர் ராஜாஜி. யாரைப் பத்தி முடிவு எடுக்கிறோமோ அவர் அந்த அறையில் இருக்கணும் என்பது இன்னைக்கு நமக்குச் சாதாரணமா தெரியலாம். 1917-ல் அது சாதாரணம் இல்லை.

குழாயைத் திறந்துவிட்டது யார்?

இப்போ தண்ணிக் கதைக்கு வருவோம். சேலத்துக்குப் பனமரத்துப்பட்டி ஏரியில் இருந்து தண்ணீர் வந்த காலம் அது. தெருக்குழாய் என்பது அந்தக் காலத்து ஹைடெக். அதுக்கு முன்னாடி கிணறுதான். யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம், யார் கிட்டயே வரக் கூடாதுன்னு சாதி முடிவு பண்ணும்.

குழாய் வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. தண்ணீர் ஒரே ஏரியில் இருந்து வருது. அது ஓடுற பைப்புக்குச் சாதி தெரியாது. ஆனா, குறிப்பிட்ட நேரத்தில் குழாயைத் திறந்து மூட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் தெருவுக்குள்ள நடந்து வரணும், குழாயைத் தொடணும்.

ராஜாஜி தலைமையில் இருந்த நகராட்சி, அக்ரஹாரத்துக் குழாயைத் திறந்துவிடும் வேலைக்கு ஒரு தலித் ஊழியரைப் போட்டது. அக்ரஹாரம் கொதிச்சது. எதிர்த்தவங்க வேறு யாரும் இல்லை, அவருடைய சொந்த சாதிக்காரங்கதான். ராஜாஜி அசையலை. அதே ஊழியர்தான் வேலையைப் பார்த்தார். தண்ணி பிடிக்கணும்னா அவர் திறந்த குழாயில்தான் பிடிக்கணும்.

இதை நாம கொஞ்சம் உன்னிப்பா பார்க்கணும். நவீனமான குழாய் வந்ததாலே தீண்டாமை போயிடலை. பழைய பழக்கம் புது டெக்னாலஜிக்கு மேல ஏறி உட்காரப் பார்த்தது. யார் கையில் சாவி இருக்கணும்னு ஒரு மனுஷர் எடுத்த முடிவுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது. இன்னைக்கு சென்சார், கேமரா, கன்ட்ரோல் ரூம்னு எது வந்தாலும் இதே கேள்வியைக் கேட்கலாம். இது யாருக்கு வேலை செய்யுது? யாரை வெளியே நிறுத்துது?

இன்னொரு விஷயமும் இதில் இருக்கு. அன்னைக்கு அக்ரஹாரத்தில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்திருந்தா, ராஜாஜி தோத்திருப்பார். அதிக லைக் எதுக்கு விழுதோ அதைச் செய்யறது மட்டுமே பங்கேற்பு ஆகிடாது. இதுவரைக்கும் கேட்காத குரல் எதுன்னு தேடுறதும் அதில் சேரும்.

இதே நேரத்தில், பக்கத்து ஊரான ஈரோட்டில் நகராட்சி சேர்மன் யார் தெரியுமா? பெரியார் ஈ.வெ.ராமசாமி! ஈரோட்டுக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ரெண்டு சேர்மன்களும் நண்பர்கள். பெரியார் பதவிகளை விட்டுட்டு காங்கிரஸில் சேர்ந்ததுக்கு ராஜாஜியும் ஒரு முக்கியக் காரணம். இந்த நட்பை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

சொல் இல்லைன்னா எப்படிப் பேசுறது?

சேர்மன் ஆகறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1916-ல், ராஜாஜி நண்பர்களோட சேர்ந்து இன்னொரு வேலையைத் தொடங்கினார். தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கம். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம்னு ஒவ்வொரு துறைக்கும் தமிழ்ச் சொல் தேடினாங்க. அதுக்குன்னு ஒரு இதழும் நடத்தினாங்க.

சேலத்தில் கோர்ட் வேலைக்கு நடுவில் எதுக்கு இந்த வேலைன்னு தோணலாம். அரசாங்க ஃபைல் எல்லாம் இங்கிலீஷில் இருந்த காலம். தண்ணீரில் என்ன கிருமி இருக்கு, காய்ச்சல் எப்படிப் பரவுதுன்னு ஊர்க்காரருக்குச் சொல்லணும்னா, சொல்றதுக்கு வார்த்தை வேணும். வார்த்தை இல்லைன்னா, ஊர்க்காரர் கேள்வி கேட்க முடியாது. அதிகாரி சொல்றதைத் தலையாட்டிக் கேட்க மட்டும்தான் முடியும்.

இந்த எண்ணம் அவரைவிட்டுப் போகவே இல்லை. பின்னாளில் சாதாரண வாசகருக்கு வேதியியல் சொல்லித்தர 'திண்ணை ரசாயனம்'னு ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பைப் பாருங்க. லேபில் இருந்து ரசாயனத்தைத் தூக்கிட்டு வந்து திண்ணையில் வெச்சிட்டார். உங்க மாநகராட்சி டெண்டர் அறிவிப்பையோ, பட்ஜெட்டையோ படிச்சுப் பார்த்து, ஒண்ணுமே புரியாம மூடி வெச்சிருக்கீங்களா? அப்போ அந்த வேலை இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

புதுப்பாளையம்... கிராமமே ஆய்வுக்கூடம்

1919-ல் ராஜாஜி சேலத்தைவிட்டுச் சென்னைக்குக் குடிபோனார். அந்த வருஷம்தான் காந்தி அவர் வீட்டில் வந்து தங்கினார். அதுக்கப்புறம் ராஜாஜி வக்கீல் தொழிலை விட்டார், சிறைக்குப் போனார், காங்கிரஸின் பெரிய தலைவர்களில் ஒருத்தர் ஆனார். டெல்லி, அகமதாபாத்னு சுத்தியிருக்க வேண்டிய நேரத்தில், மறுபடியும் நம்ம மண்ணுக்கே திரும்பி வந்தார்.

1925 பிப்ரவரி 6-ம் தேதி, திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையம் கிராமத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். இப்போ அது நாமக்கல் மாவட்டம். புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர் நிலம் கொடுத்தார். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தா வேலையும் இல்லை, சோறும் இல்லை. ஆசிரமத்தில் பஞ்சு வாங்கிட்டுப் போய், வீட்டில் நூலா நூற்றுக் கொண்டுவந்து கொடுத்து, சுற்றுவட்டாரப் பெண்கள் கூலி வாங்கிக்கிட்டாங்க. வறட்சிக் காலத்தில் அந்தச் சில்லறைதான் பல வீட்டில் அடுப்பெரிய வெச்சது.

வேலை செய்யச் செய்ய, ராஜாஜிக்கு ஒண்ணு தெரிஞ்சது. கூலிக் காசு வீட்டுக்குப் போய்ச் சேரலை. வழியில் கள்ளுக்கடை இருந்தது. அதனால், மதுவிலக்கு ஆசிரமத்தோட ரெண்டாவது பெரிய வேலை ஆச்சு. 1929-ல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை வந்தது. அதில் ராஜாஜிக்குத் துணையா உட்கார்ந்து வேலை பார்த்த இளைஞர் யார் தெரியுமா? 'பொன்னியின் செல்வன்' எழுதிய அதே கல்கிதான்!

முதலில் சேலம், பிறகு மத்த ஊர்

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். முதலமைச்சரை அப்போ அப்படித்தான் சொல்வாங்க. மதுவிலக்கை மாகாணம் முழுக்க ஒரே நாளில் அறிவிச்சிருக்கலாம். அவர் அப்படிச் செய்யலை. முதலில் ஒரே ஒரு மாவட்டம்: சேலம். 1937 அக்டோபர் 1 அன்னைக்கு அமலுக்கு வந்தது.

ஏன் சேலம்? அவருக்குத் தெரிஞ்ச ஊர். ஆசிரமம் பல வருஷமா அங்கே கிராமம் கிராமமா பிரசாரம் பண்ணியிருந்தது. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே பேச்சு வந்திருந்தது. ஸ்டார்ட்-அப் பாஷையில் சொன்னா, இது ஒரு பைலட் புராஜெக்ட். ஒரு இடத்தில் செஞ்சு, என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு, அடுத்தடுத்து சித்தூர், கடப்பா, வட ஆற்காடுன்னு விரிவுபடுத்தினாங்க.

சாராய வருமானம் போனா கஜானாவுக்கு என்ன வழி? அதுக்காக 1939-ல் கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி. இந்தியாவிலேயே முதல். இன்னைக்கு நீங்க பிரியாணி பில்லில் பார்க்கிற ஜி.எஸ்.டி-க்கு அது பாட்டன் மாதிரி.

அந்த அரசு 1939-லேயே பதவி விலகியது, போர்க்காலத்தில் மதுவிலக்கும் கைவிடப்பட்டது. ஆனா, ராஜாஜி அதை விடலை. 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தப்போறாங்கன்னு தெரிஞ்சதும், கொட்டுற மழையில் முதல்வர் கருணாநிதி வீட்டுக்கே போய், வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அப்போ அவருக்கு வயசு 92. எந்தப் பதவியும் கிடையாது. ஒரு குடிமகனா, தன் கோரிக்கையோட போய் நின்னார். கோரிக்கை நிறைவேறலை என்பது வேற விஷயம்.

கேட்காம செஞ்சப்போ என்ன ஆச்சு?

இதுவரைக்கும் படிச்சிட்டு, ராஜாஜி எல்லாத்தையும் சரியா செஞ்சார்னு நினைச்சுடாதீங்க. அவர் வாழ்க்கையில் நமக்கு ரொம்ப உபயோகமான பாடம் அவர் சறுக்கின இடத்தில்தான் இருக்கு.

1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். மாகாணமே திரண்டு எதிர்த்தது. எதிர்ப்பின் முகமா நின்னவர் அவருடைய பழைய நண்பர் பெரியார். 1940-ல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

1953-ல், ரெண்டாவது முறை முதலமைச்சரா இருந்தப்போ, கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் மூணு மணி நேரமா குறையும், ரெண்டு ஷிஃப்ட் நடக்கும். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கத்துக்கணும். இருக்கிற கட்டடத்திலேயே இன்னும் நிறைய பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கா பார்த்தா அது புத்திசாலித்தனமாகக்கூடத் தெரியும்.

ஆனா, செருப்புத் தைக்கிறவர் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? துணி வெளுக்கிறவர் பிள்ளைக்கு? நீ அப்பன் தொழிலையே செய்னு அரசாங்கமே சொன்ன மாதிரி இருந்தது. மக்கள் அதுக்கு 'குலக்கல்வித் திட்டம்'னு பேர் வெச்சாங்க. முன்கூட்டியே சட்டமன்றத்திலோ, கட்சியிலோ, பெற்றோர்கிட்டயோ விவாதிக்காம கொண்டுவந்த திட்டம் அது. பெரியார் களத்தில் இறங்கினார், தி.மு.க இறங்கியது, காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு வெடிச்சது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

சேலத்துக் குழாய் விஷயத்திலும் அவர் எதிர்ப்புக்கு வளைஞ்சு கொடுக்கலை. பள்ளி விஷயத்திலும் வளைஞ்சு கொடுக்கலை. அதே பிடிவாதம்தான். அப்போ வித்தியாசம் என்ன? முதலாவதில், வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஒருத்தருக்குக் கதவு திறந்தது. ரெண்டாவதில், அப்போதான் உள்ளே வர ஆரம்பிச்ச பிள்ளைகள் முகத்தில் கதவு மூடுற மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளைகளோட அப்பா, அம்மாவை முன்னாடியே உட்காரவெச்சுக் கேட்டிருந்தா, முதல் கூட்டத்திலேயே சொல்லியிருப்பாங்க.

1972 டிசம்பர் 25-ம் தேதி ராஜாஜி இறந்தார். இறுதிச் சடங்குக்கு, தள்ளாத வயசில், சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர்விட்டு அழுதார் பெரியார். வாழ்நாள் முழுக்க கருத்தில் மோதின ரெண்டு பழைய நகராட்சி சேர்மன்கள்!

இப்போ உங்க வார்டு

சேலம் 1994-ல் மாநகராட்சி ஆச்சு. இன்னைக்கு 60 வார்டுகள். வரி கட்டினாத்தான் ஓட்டுங்கிற காலம் எப்பவோ மலையேறிடுச்சு. 18 வயசான எல்லாருக்கும் ஓட்டு இருக்கு. ராஜாஜி காலத்து சேலத்துக்காரர்களுக்குக் கிடைக்காத இன்னொரு வாய்ப்பும் உங்களுக்கு இருக்கு. கிராமத்தில் கிராம சபை மாதிரி, நகரத்தில் பகுதி சபை. 2022-ல் தமிழ்நாடு அரசு இதுக்கான விதிகளைக் கொண்டுவந்து, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னைக்கு கூட்டங்கள் நடந்தன. உங்க ஏரியாவுக்கு எது முதலில் வேணும்னு அங்கே எழுந்து சொல்லலாம்.

கூட்டத்துக்குக் காத்திருக்காம இறங்கி வேலை செஞ்சவங்களும் சேலத்தில் இருக்காங்க. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ல் சேலம் மக்கள் குழு என்கிற குடிமக்கள் அமைப்பு கையில் எடுத்தது. ஏரியைச் சுத்தம் பண்ணி, நடுவில் மண் திட்டுகள் அமைச்சு, மரம் நட்டாங்க. இன்னைக்கு அந்தத் திட்டுகளில் பறவைகள் தங்குது. அதுக்கு ஆப் எதுவும் தேவைப்படலை, மண்வெட்டியும் ஞாயிற்றுக்கிழமைகளும் தேவைப்பட்டது.

அடுத்த பகுதி சபை எப்போன்னு உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட கேளுங்க. போகும்போது உங்க பிரச்னையை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. உங்க தெருவைக் கூட்டுறவர், தண்ணி திறந்து விடுறவர், ஓரமா தள்ளுவண்டி போட்டிருக்கிற அக்கா, இவங்க அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்காங்களான்னு சுத்திப் பாருங்க. வரலைன்னா, அடுத்த முறை ஒருத்தரையாவது கூட்டிட்டுப் போங்க.